ஐரோப்பிய யாத்திரிகனின் பணப்பை



ஐரோப்பிய யாத்திரை என்றதும் மாதாகோயில்களின் கோபுரங்களையும், சித்திர சாலைகளையும், ஆல்ப்ஸ் மலையின் பனிமுடிகளையும் பற்றிப் பேசுவதற்கு எத்தனையோ பேர் அகப்படுவார்கள். அவற்றையெல்லாம் பார்ப்பதற்கு வேண்டிய பணத்தை எந்த ரூபத்தில் கொண்டுபோவது, எவரிடம் எப்படிக் கொடுப்பது என்று பேசுவதற்கு மாத்திரம் ஒருவரும் முன்வருவதில்லை. பணத்தைப் பற்றிப் பேசுவது ரசக்குறைவு என்ற எண்ணம் நம்மவரிடையே வெகுகாலமாக இருந்து வருகிறது. ஆனால் அவ்வாறு எண்ணுகிறவர்களே ஊர் திரும்பிய மறுமாதம் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தொகை எங்கே, எப்பொழுது, எவரிடம் கழிந்தது என்று விளங்காமல் திகைப்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஐரோப்பிய நகரங்களில் ஜேப்படித் திருடர்கள் உண்டு. பார்சிலோனாவையும் ரோமாபுரியையும் பற்றி எழுதுகிற எந்த வழிகாட்டி நூலும் அவர்களைக் குறித்து எச்சரிக்காமல் விடுவதில்லை. எனினும், என் அபிப்பிராயத்தில், அங்கே யாத்திரிகனுடைய பணம் அதிகமாகக் கரைவது திருடன் கையால் அன்று. புன்னகையோடு உதவி செய்ய முன்வருகிறவர் கையால்தான். இன்று நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமையும்.

முதலில், ஐரோப்பா முழுவதும் ஒரே நாணயம் என்ற பிரமையை நீக்கிக்கொள்ள வேண்டும். யூரோ 1999 ஜனவரி 1 அன்று கணக்குப் புத்தகங்களில் மட்டும் பிறந்து, 2002 ஜனவரி 1 அன்று நோட்டாகவும் காசாகவும் பன்னிரண்டு நாடுகளின் வீதிகளில் இறங்கியது. 2023-இல் குரோஷியாவும், 2026-இல் பல்கேரியாவும் சேர்ந்துகொண்டதால் இன்று இருபத்தொரு நாடுகளில் அது வழங்குகிறது. ஆயினும் ஸ்வீடன், டென்மார்க், போலந்து, செக் நாடு, ஹங்கேரி, ருமேனியா முதலியவை ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்துகொண்டே தம் சொந்த நாணயத்தை வைத்திருக்கின்றன. ஸ்விட்சர்லாந்தும் நார்வேயும் பிரிட்டனும் ஒன்றியத்துக்கு வெளியே நின்று பிராங்கையும் குரோனையும் பவுனையும் வழங்குகின்றன. வியன்னாவில் காலை உணவை முடித்துக்கொண்டு ரயிலேறியவன் பகற்பொழுதுக்குள் புடாபெஸ்ட் சேர்ந்துவிடலாம். அங்கே அவன் பையிலுள்ள யூரோவைச் சில கடைக்காரர்கள் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் எந்த விகிதத்தில் வாங்குவது என்பதை நிர்ணயிப்பவர் அந்தக் கடைக்காரரே. மீதிச் சில்லறை ஹங்கேரி நாட்டுப் போரிண்டாகவே கைக்கு வரும். ஸ்விட்சர்லாந்திலும் இதே கதைதான்.

எல்லை தாண்டினாலும் ஒரே நாணயம் என்னும் ஆசை புதியதன்று. 1865-இல் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி, ஸ்விட்சர்லாந்து ஆகிய நான்கு நாடுகள் லத்தீன் நாணய சங்கம் என்ற ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டு, தங்கள் பொன், வெள்ளிக் காசுகளை ஒரே எடையிலும் ஒரே மாற்றிலும் அடித்தன. அதனால் பாரிஸில் வாங்கிய இருபது பிராங்குப் பொற்காசு ரோமாபுரியிலும் தடையின்றிச் செல்லுபடியாயிற்று. பெரிய யுத்தம் வந்து பொன் நாணயத்தையே வழக்கொழித்த பிறகு, 1927-இல் அந்தச் சங்கமும் முறைப்படி கலைந்தது.

ஆனால் பொற்காசு எவ்வளவு உத்தமமானதாக இருந்தாலும் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்நிய தேசத்தில் திரிவது அபாயமல்லவா? ஆகையால் யாத்திரிகனுக்கு வேண்டியது பொன் அன்று, பொன்னுக்கு ஈடான ஒரு காகிதம்; அந்தக் காகிதத்தை நீட்டினால், அவனை ஒருநாளும் கண்டிராத மனிதர் தயங்காமல் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டும். நம்முடைய நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய காலத்தில் எழுதிய உண்டியல்களை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். ஐரோப்பிய வியாபாரிகளிடையேயும் அப்படிப்பட்ட உண்டியல்கள் நடுக்காலம் முதலாக வழக்கத்தில் இருந்தன. ஆனால் அவை வியாபாரிக்கு வியாபாரி எழுதிக்கொண்டவை. வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு எவர் உண்டியல் எழுதித் தருவார்? இந்தக் குறையை உணர்ந்த ராபர்ட் ஹெரிஸ் என்ற ஸ்காத்லாந்துக்காரர் லண்டனில் ஒரு கம்பெனியை அமைத்து, 1772-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவின் 90 நகரங்களில் பணமாக மாற்றிக்கொள்ளத்தக்க சீட்டுகளை வெளியிடலானார். நூறாண்டு கழித்து, 1874-இல், உல்லாசப் பிரயாணங்களை நடத்திவந்த தாமஸ் குக் என்பவரும் அதே மாதிரியான சீட்டுகளைத் தம் வாடிக்கைக்காரர்களுக்கு வழங்கினார்.

இவற்றையெல்லாம் மிஞ்சி நின்றது அமெரிக்கர் ஒருவருடைய கோபத்திலிருந்து பிறந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் தலைவராக இருந்த ஜே. சி. பார்கோ என்பவர் ஐரோப்பாவில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, தலைநகரங்களைத் தாண்டியதும் தம் கையிலிருந்த வங்கிக் கடிதத்தை மதிப்பாரில்லாமல் அவஸ்தைப்பட்டாராம். தமக்கே இந்தக் கதி என்றால் சாமானிய யாத்திரிகனின் கதி என்ன என்று எண்ணியவராக, ஊர் திரும்பியதும் அவர் தம் அலுவலரான மார்ஸெல்லஸ் பெர்ரியிடம் இதற்கொரு பரிகாரம் தேடும்படி பணித்தார். 1891-இல் பிரயாணிக் காசோலை உருவாயிற்று. அதன் தந்திரம் மிகவும் எளியது: காசோலையை வாங்கும்போது ஒரு கையொப்பம், அதை மாற்றும்போது, பணம் கொடுப்பவரின் கண்ணெதிரே இரண்டாவது கையொப்பம். இரண்டும் ஒத்திருந்தால் வந்தவன் எவன் என்று வேறு விசாரணை வேண்டியதில்லை. அக்காலத்து நாணயங்களெல்லாம் பொன்னை ஆதாரமாகக் கொண்டிருந்தபடியால், இன்ன தேசத்தில் இந்தக் காகிதத்துக்கு இத்தனை பவுன், இத்தனை பிராங்கு, இத்தனை மார்க்கு என்று முகப்பிலேயே அச்சிட்டுவிட முடிந்தது. நாணய மாற்று விகிதம் யாத்திரிகன் கையிலுள்ள காகிதத்திலேயே எழுதப்பட்டிருந்த அந்தக் காலத்தை நினைக்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. 1914-இல் யுத்தம் மூண்டு ஐரோப்பிய வங்கிகள் கதவைச் சாத்திய சமயத்திலும், அந்தக் கம்பெனியின் காரியாலயங்கள் தங்கள் காசோலைகளுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தன.

கம்பெனிக்கு இதில் இலாபம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். வாங்கியபோது செலுத்திய சிறு கட்டணம் ஒரு புறம் இருக்க, யாத்திரிகன் முன்கூட்டியே கொடுத்த முழுத் தொகையும், அவன் செலவு செய்து முடிக்கும் வரையில், கம்பெனியின் கையில் இருந்து வட்டி ஈட்டியது. கணக்கு இவ்வளவு பகிரங்கமாக இருந்தவரையில் புகார் சொல்ல எதுவும் இல்லை. பொன்னின் ஆதாரம் அகன்று, விகிதங்கள் நாழிகைக்கு நாழிகை மாறத் தொடங்கிய பிறகுதான், விலையைச் சொல்லாமலே விலையை வாங்கும் சாமர்த்தியம் வளர்ந்தது.

அந்தச் சாமர்த்தியத்தை அதன் பரிபூரண நிலையில் காண விரும்புகிறவர் செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே பழைய நகரத்தின் சதுக்கத்தைச் சுற்றிலும் பணமாற்றுக் கடைகள் நிறைய உண்டு. கமிஷன் கிடையாது என்று வாசலில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அது முழு உண்மையே. பலகையில் இரண்டு விகிதங்கள் இருக்கும்: கடைக்காரர் யூரோவை விற்கும் விலை ஒன்று, வாங்கும் விலை ஒன்று. முந்தியது கண்ணைப் பறிக்கும் வர்ணத்தில் பெரிதாகவும், பிந்தியது ஓரத்தில் சிறிதாகவும் இருக்கும். சந்தையில் ஒரு யூரோவுக்கு 25 செக் கொருனா என்று வைத்துக்கொள்வோம். பெரிய எழுத்தும் 25 என்றே சொல்லும். 200 யூரோவைக் கொடுத்துவிட்டு 5,000 கொருனாவை எதிர்பார்த்து நிற்பவனுக்கு, சிறிய எழுத்திலுள்ள 20 என்ற கணக்குப்படி 4,000 கொருனா எண்ணித் தரப்படும். நாற்பது யூரோ போயிற்று. கமிஷன் ஒரு காசும் வாங்கவில்லை! இந்த வேடிக்கை தலைநகரத்தின் கீர்த்திக்கே களங்கமாவதைக் கண்ட செக் அரசாங்கம், 2019 ஏப்ரல் முதல், பணம் மாற்றியவர் மூன்று மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால், 1,000 யூரோ மதிப்பு வரையில், அந்த மாற்றத்தையே ரத்து செய்துகொள்ளலாம் என்று சட்டம் செய்தது. ஆகவே ரசீதை எறிந்துவிடலாகாது. வீதியில் நின்றுகொண்டு நல்ல விகிதம் தருகிறேன் என்று காதோடு சொல்லும் ஆசாமிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவன் கொடுப்பது வேறொரு தேசத்தின் செல்லாத நோட்டாக இருந்தாலும் இருக்கும்.

காகித நோட்டை மாற்றுவதே வேண்டாம், கார்டு இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலும் அதுவே சரி. ஆனால் பிராக் நகரத்துப் பலகையின் சூட்சுமம் கார்டு இயந்திரத்துக்குள்ளேயும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. மிலானிலோ மாட்ரிடிலோ உணவு விடுதியில் அறுபது யூரோ பில்லுக்குக் கார்டை நீட்டுகிறீர்கள். அது இந்திய வங்கியின் கார்டு என்பதை இயந்திரம் அறிந்துகொண்டு, யூரோவில் செலுத்துகிறீர்களா, ரூபாயில் செலுத்துகிறீர்களா என்று மரியாதையாக விசாரிக்கிறது. அந்நிய மண்ணில் நம் ரூபாயின் பெயரைக் கண்டதும் உள்ளம் குளிர்கிறது. எவ்வளவு செலவு என்று உடனே தெரிந்துவிடுகிறதல்லவா என்று தோன்றுகிறது. விரல் ரூபாயை அழுத்திவிடுகிறது. அந்தக் கணத்தில், விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் நம் வங்கியிடமிருந்து கடைக்காரர் பக்கத்திலுள்ள வங்கிக்கும் அதன் கூட்டாளிக்கும் கைமாறிவிடுகிறது. அவர்கள் சேர்க்கும் இலாபத்தில் கடைக்காரருக்கும் ஒரு பங்கு போவதுண்டு. பரிசாரகர் தாமே ரூபாயை அழுத்திவிட்டு இயந்திரத்தை நம்மிடம் நீட்டுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சௌகரியத்துக்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்று கொள்வோம். அறுபது யூரோவுக்கு உண்மை மதிப்பு 6,000 ரூபாய். யூரோவில் செலுத்தினால் நம் வங்கியும் சும்மா இருப்பதில்லை: நூற்றுக்கு மூன்றரை கூட்டி, அந்தக் கூட்டின்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வரியும் வைத்தால், மொத்தம் 6,248 ரூபாய் ஆகும். ரூபாயில் செலுத்தினால், அங்குள்ளவர்கள் நூற்றுக்கு ஏழு கூட்டுவதாக வைத்துக்கொண்டால், தொகை 6,420. இதோடு முடிந்ததா என்றால் இல்லை, வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் நடந்த செலவுக்கும் நம் வங்கிகள் சில நூற்றுக்கு ஒன்றும் வரியும் வசூலிக்கின்றன, ஆக, 6,496. ஒரு வேளைச் சாப்பாட்டில் ஏறக்குறைய 250 ரூபாய் வித்தியாசம்! விடுதி வாடகையிலும் இதே கேள்வி, ஏடிஎம்மிலும் இதே கேள்வி. ஏடிஎம்மில் அது இன்னும் சாதுரியமாக வருகிறது. மறுத்தால் பணமே வராதோ என்று அஞ்சும்படி திரையில் வாசகம் அமைந்திருக்கும். மறுத்தாலும் பணம் வரும். 2020 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒன்று, இவ்விதமான மாற்றத்தில் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்துக்குமேல் எவ்வளவு சதவிகிதம் சேர்க்கப்படுகிறது என்பதைச் செலுத்துவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்கிறது. காட்டத்தான் காட்டுகிறார்கள்; பின்னால் வரிசையில் நிற்பவர் தொண்டையைக் கனைக்கும்போது அதை நின்று படிப்பவர் எத்தனை பேர்?

ஆகவே, எந்தத் தேசத்தில் நிற்கிறீர்களோ அந்தத் தேசத்து நாணயத்தில்தான் செலுத்த வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நோட்டு தேவைப்பட்டால், விமான நிலையத்துக் கடையையும், சுற்றுலாத் தலங்களில் கடைவாசல்தோறும் தனித்து நிற்கும் ஏடிஎம்களையும் தாண்டிப்போய், ஊருக்குள் ஒரு வங்கியின் சுவரோடு பொருந்தியிருக்கும் ஏடிஎம்மை நாடுங்கள். முன்பணம் நிரப்பிய பாரெக்ஸ் கார்டும் பயனுள்ளதே. 1891-ஆம் ஆண்டின் காசோலை வேறு வேஷத்தில் வந்திருக்கிறது என்றே அதைக் கருதலாம். அன்று முகப்பில் அச்சிட்டிருந்ததுபோல இதிலும் நிரப்பும் நாளன்றே விகிதம் நின்றுவிடுகிறது, கம்பெனியிடம் நம் பணம் முன்கூட்டியே போய்த் தங்குவதும் அன்றுபோலவே. ஆனால் யூரோ நிரப்பிய கார்டை ஸ்விட்சர்லாந்தில் நீட்டினால் இன்னொரு முறை மாற்றக் கட்டணம் வைப்பார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. கார் வாடகைக்கு எடுப்பவரிடம் பிணைத்தொகைக்காகக் கிரெடிட் கார்டுதான் வேண்டுமென்று கேட்பதும் வழக்கம்.

இனி, எவ்வளவு நோட்டு வைத்துக்கொள்வது என்ற கேள்வி. இதற்கு ஒரே விடை கிடையாது. ஏனெனில் அண்டை தேசங்களே இதில் நேர் எதிர்த் திசைகளில் நடக்கின்றன. ஸ்வீடன் தேசம் பதினேழாம் நூற்றாண்டில் தாமிரத் தகடுகளை நாணயமாக வழங்கியது. 1644-இல் வெளியான பத்து டாலர்த் தகடு ஒன்றின் எடை ஏறக்குறைய இருபது கிலோ. அதைச் சுமந்து சலித்த தேசத்தில்தான், 1661-இல், யோஹான் பால்ம்ஸ்ட்ருக் என்பவருடைய வங்கி ஐரோப்பாவின் முதல் காகித நோட்டுகளை வெளியிட்டது. கையிருப்புக்கு மிஞ்சி நோட்டடித்து வங்கி முறிந்ததும், அவருக்கு மரண தண்டனை விதித்துப் பிறகு சிறைத் தண்டனையாகக் குறைத்தார்கள். அவ்வங்கியின் இடத்தில் 1668-இல் ஏற்பட்ட ரிக்ஸ்பாங்க் இன்றளவும் இருக்கிறது. ஐரோப்பாவுக்குக் காகிதப் பணத்தைத் தந்த அந்த நாட்டில், ஸ்டாக்ஹோம் பஸ்ஸில் நோட்டைக் கொடுத்து இன்று சீட்டு வாங்க முடியாது. ரொக்கம் வாங்குவதில்லை என்று பலகை மாட்டிய கடைகள் அநேகம். லண்டன் நகரப் பஸ்களிலும் 2014 ஜூலை முதல் ரொக்கம் கிடையாது. கார்டையே தொட்டு ஏறலாம். பாதாள ரயிலில் ஏறும்போது தொட்ட அதே கார்டைத்தான் இறங்கும்போதும் தொட வேண்டும்; மாற்றித் தொட்டால் இரண்டு கார்டிலும் உச்சக் கட்டணம் விழும்.

ஜெர்மனிக்குள் வந்தால் காற்று மாறிவிடுகிறது. ரொட்டிக் கடையிலும் சிறு உணவு விடுதியிலும் ரொக்கம் ஒன்றே செல்லும் என்பது அங்கே சர்வ சாதாரணம். கார்டு வாங்குவோம் என்று எழுதிய சில இடங்களிலும் அவர்கள் கருதுவது ஜிரோகார்டு என்ற உள்நாட்டுக் கார்டை. நம்முடைய விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே பயன்படா. பெர்லினுக்குப் போகிறவர் ஐம்பது, நூறு யூரோவைச் சிறிய நோட்டுகளாக வைத்திருப்பது விவேகம். எந்த ஊரிலும் பொதுக் கழிப்பறைக்கென்று சில காசுகளைச் சட்டைப்பையில் தனியாக வைத்திருப்பதும் விவேகமே. அங்கே அவசரத்துக்குக் கடன் கிடைக்காது. ஐந்நூறு யூரோ நோட்டை மாத்திரம் இங்கே யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குற்றவாளிகளுக்கு அது அனுகூலமாக இருப்பதாகக் கருதி 2019-இல் அதன் வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள். சட்டப்படி இன்னும் செல்லும் என்றாலும், அதைக் கண்டதும் கடைக்காரரின் முகம் மாறும்.

புறப்படுவதற்கு முன் இங்கே செய்ய வேண்டிய காரியங்களும் சில உண்டு. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, புதிதாக வழங்கும் கார்டுகள் உள்நாட்டு உபயோகத்துக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டு உபயோகத்தை நாமே வங்கியின் செயலியில் திறந்துவிட வேண்டும். பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கார்டு மறுக்கப்பட்டு நிற்கிற நம்மவர்களிற் பலருக்கு நேர்ந்த துன்பம் இந்தத் தாழ்ப்பாள்தான். வங்கியின் குறுஞ்செய்தி வரும் செல்போன் எண் அங்கேயும் உயிரோடிருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஐஃபெல் கோபுரத்துச் சீட்டை யுபிஐ மூலம் வாங்கும் ஏற்பாடு தொடங்கிற்று என்ற செய்தியைப் படித்துவிட்டு, பாரிஸ் முழுவதும் செல்போனை நீட்டினால் போதும் என்று நம்பிப் போகாதீர்கள். ரொக்கமாக ஒரு பிரயாணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்கு மேல் அந்நிய நோட்டு இங்கிருந்து கொண்டுபோக இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையிலோ, 10,000 யூரோவோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் அதைச் சுங்கத்தில் தெரிவித்தாக வேண்டும். கார்டுகள் இரண்டு இருக்குமானால் இரண்டையும் ஒரே பையில் வைக்கலாகாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

திரும்பி வரும்போது ஒரு வரவும் உண்டு. பொருள் வாங்கும் அந்நியர்களுக்கு விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறார்கள். பிரான்சில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். இத்தாலியில் இந்த வரம்பு வெகுகாலம் 154 யூரோ 94 சென்ட் என்று விசித்திரமாக இருந்தது. பழைய மூன்று லட்சம் லிராவை 1,936.27-ஆல் வகுத்து வந்த எண் அது. யூரோ வந்து இருபது ஆண்டுக்கு மேலாகியும் லிராவின் ஆவி சட்டப் புத்தகத்தை விட்டுப் போகவில்லை. 2024 பிப்ரவரியில்தான் அதை 70 யூரோவாகக் குறைத்தார்கள். ஒன்றியத்தை விட்டுக் கடைசியாக வெளியேறும் இடத்தில் சுங்க முத்திரை பெற வேண்டும். ஸ்விட்சர்லாந்து ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால், பாரிஸில் வாங்கிய பொருளுக்கு ஜூரிக் விமான நிலையத்தில் முத்திரை கேட்டுப் பயனில்லை. பிரிட்டன் தன் பெருநிலத்தில் 2021 முதல் இச்சலுகையையே நிறுத்திவிட்டது. வரியைத் திருப்பித் தரும் மேஜையிலும் பழைய கேள்வி காத்திருக்கிறது: கையில் ரொக்கமாக வேண்டுமா, உங்கள் நாட்டு நாணயத்தில் வேண்டுமா? யூரோவாகவே கார்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

மீந்துபோன காசுகளைப் பணமாற்றுக் கடைகள் வாங்குவதில்லை. நோட்டை மட்டுமே வாங்குவார்கள். விமானம் ஏறுமுன் காசுகளைக் காப்பிக்குச் செலவழித்துவிடுவது நல்லது. வீட்டிலுள்ள பழைய பெட்டிகளில், முன்னொரு காலத்தில் தகப்பனாரோ பாட்டனாரோ படிப்புக்கும் உத்தியோகத்துக்குமாகப் போய்க் கொண்டுவந்த நோட்டுகள் இருப்பின், அவற்றின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் பிராங்கு நோட்டுகளை மாற்றும் கெடு 2012 பிப்ரவரியோடு முடிந்தது. இத்தாலிய லிராவின் கெடு அதற்குச் சற்று முன்னரே, 2011 டிசம்பரில், முடிந்துபோயிற்று. ஆனால் ஜெர்மன் மார்க்குக்குக் கெடுவே வைக்கவில்லை. நோட்டானாலும் காசானாலும், ஜெர்மன் மத்திய வங்கியின் கிளைக்கு எடுத்துச் சென்றால், 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ என்ற அன்றைய விகிதத்திலேயே, கட்டணம் ஏதுமின்றி, இன்றைக்கும் எண்ணிக் கொடுப்பார்கள்.